பதற்றத்தோடு பயணம்: செட்டிநாட்டிலிருந்து புறப்படுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் வட்டாரத்தில் பயணத்தைத் தவிர்த்து வாழ்வது எளிதன்று. பிள்ளைகள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்கிறார்கள். நல்லது கெட்டதுக்கு நேரில் போய் நிற்காவிட்டால் உறவில் மனத்தாங்கல் வருகிறது. குலதெய்வத்தைக் கும்பிடுவதற்கும் பெரும்பாலும் ஊர் விட்டு ஊர் போக வேண்டியிருக்கிறது. வண்டி ஏற வேண்டும் என்ற நினைப்பிலேயே நெஞ்சு படபடக்கும் ஒருவர், பயத்தையும் தாங்கிக்கொண்டு, வராமல் போனதற்குச் சமாதானமும் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறது. அந்தப் படபடப்பை நானும் அறிவேன். உறவினர்களும் அண்டை வீட்டாரும் என்னிடம் கேட்ட கேள்விகளுக்கு, மருத்துவர்களிடம் கேட்டறிந்ததையும் வழியில் பழகிக்கொண்டதையும் சேர்த்து இங்கே விடை எழுதியிருக்கிறேன்.

பயணம் என்றாலே நெஞ்சு படபடப்பது கோழைத்தனமா, நோயா?

கோழைத்தனம் இல்லை. ஆபத்து நெருங்குகிறது என்று மூளை கணித்துவிட்டால் அட்ரினலின் சுரக்கிறது. இதயம் விரைந்து அடிக்கிறது, மூச்சு மேலெழுகிறது, உள்ளங்கை வியர்க்கிறது, வயிற்றைக் கலக்குகிறது. ஓடுவதற்கோ எதிர்த்து நிற்பதற்கோ உடம்பு செய்துகொள்ளும் ஏற்பாடு அது. ஆபத்தே இல்லாத இடத்திலும் அந்த ஏற்பாடு கிளம்பிவிடுவதுதான் சிக்கல். நினைத்தவுடன் இறங்க முடியாத வண்டி, பழகாத ஊர், கூட்டம், கழிவறை எங்கே இருக்கிறது என்று தெரியாத நிலை ஆகியவை அதைக் கிளப்பிவிடும் வழக்கமான காரணங்கள்.

புறப்படும் நாளில் சிறிது பரபரப்பு எல்லோருக்கும் உண்டு. ஆனால் பயத்தினால் பயணங்களையே ஒதுக்கத் தொடங்கி, வாரக்கணக்கில் முன்பிருந்தே தூக்கம் கெட்டு, அந்த நிலை மாதக்கணக்கில் நீடித்தால், அது மருத்துவ உதவியால் குணப்படுத்தக்கூடிய பதற்றக் கோளாறாக இருக்கலாம். பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கப்பலேறிப் போனவர்களின் வழிவந்தவர் பேருந்துக்கு அஞ்சலாமா என்று சிலர் கேட்பதுண்டு. அந்தக் கேள்வி யாருக்கும் உதவி நான் பார்த்ததில்லை. கப்பலேறியவர்கள் எல்லோரும் அஞ்சாமல்தான் ஏறினார்கள் என்று யாரால் சொல்ல முடியும்?

இது மாரடைப்பு இல்லை என்று எப்படி உறுதி செய்துகொள்வது?

முதல் முறை வரும்போது நீங்களாக உறுதி செய்துகொள்ளக் கூடாது. நெஞ்சுவலி, இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, மயக்கம், குளிர்ந்த வியர்வை ஆகியவை வந்தால், குறிப்பாக வயதானவர்களுக்கோ சர்க்கரை நோயும் ரத்த அழுத்தமும் உள்ளவர்களுக்கோ வந்தால், உடனே 108-ஐ அழைக்க வேண்டும். பிறகு அது வெறும் பதற்றம்தான் என்று தெரியவந்தால், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பதற்றம்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போது பின்னணியில் வேறு காரணம் இருப்பதும் உண்டு. தைராய்டு அதிகமாகச் சுரப்பது, ரத்தசோகை, சர்க்கரை தாழ்வது, சில ஆஸ்துமா மருந்துகள் ஆகியவையும் இதே படபடப்பைத் தரும். ஒரு முறை ரத்தப் பரிசோதனையும் இசிஜியும் எடுத்து, மருத்துவர் பார்த்துச் சொல்லிவிட்டால், அடுத்த முறை வழியில் படபடப்பு வரும்போது “இது எனக்குத் தெரிந்ததுதான்” என்று சொல்லிக்கொள்ள ஓர் ஆதாரம் கிடைக்கிறது. வழிப்பயணத்தில் அந்த ஆதாரத்தின் மதிப்பு மிகப் பெரியது.

ஓடும் வண்டியில் படபடப்பு உச்சத்துக்குப் போய்விட்டால் என்ன செய்வது?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு விடையைப் படிப்பதற்குத்தான் உங்களுக்கு நேரம் இருக்கிறது என்றால், இதைப் படியுங்கள்.

பேனிக் அட்டாக் என்று மருத்துவர்கள் சொல்லும் கடும் படபடப்பு, பெரும்பாலும் பத்து நிமிடங்களுக்குள் உச்சத்தைத் தொட்டுவிட்டுத் தானாகவே இறங்கத் தொடங்கும். உடம்பால் அந்த உச்சத்தில் நீடித்து நிற்க முடியாது. செத்துப்போய்விடுவோம், புத்தி பேதலித்துவிடும் என்று அப்போது தோன்றும். தோன்றுவது உண்மை, நடப்பதில்லை. ஆகவே செய்ய வேண்டிய வேலை அதை அடக்குவதன்று, இறங்க விடுவது. அடக்க முயன்றால் “இன்னும் போகவில்லையே” என்ற இரண்டாவது பயம் சேர்ந்து, முதல் பயத்துக்கு நெய் வார்க்கும்.

மூச்சை முதலில் கவனியுங்கள். பதற்றத்தில் வேகமாக மூச்சு வாங்கும்போது ரத்தத்தில் கரியமில வாயு குறைந்துபோகிறது. தலைசுற்றலும், விரல் நுனியிலும் உதட்டைச் சுற்றியும் ஏற்படும் மதமதப்பும் அதனால்தான் வருகின்றன. காற்று போதவில்லை என்று தோன்றினாலும், உண்மையில் அளவுக்கு மேல் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறீர்கள். மூக்கு வழியாக நான்கு எண்ணும் வரை மெல்ல உள்ளே இழுத்து, ஆறு எண்ணும் வரை வெளியே விடுங்கள். உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவது நீளமாக இருக்க வேண்டும். அதுதான் இதயத் துடிப்பைத் தணிக்கும் நரம்பைத் தூண்டுகிறது. காகிதப் பைக்குள் மூச்சு விடும் பழைய முறையை இப்போது மருத்துவர்கள் பரிந்துரைப்பதில்லை. உள்ளே இருப்பது இதய நோயாகவோ ஆஸ்துமாவாகவோ இருந்தால் அது ஆபத்தாகிவிடும்.

அடுத்து, கவனத்தை உடம்புக்குள்ளிருந்து வெளியே கொண்டு வாருங்கள். ஜன்னல் கம்பியைப் பிடித்து அதன் குளிர்ச்சியையும், பெயின்ட் உதிர்ந்த இடத்தின் சொரசொரப்பையும் விரலால் தடவிப் பாருங்கள். பார்க்கும் பொருள்களின் பெயரை மனத்துக்குள் சொல்லுங்கள். சென்னையிலிருந்து வரும் வண்டியில் இருந்தால், புதுக்கோட்டை தாண்டியதும் திருமயம், பிறகு செட்டிநாடு, கோட்டையூர், காரைக்குடி என்று வரிசையாக வரும் நிலையங்களை எண்ணிக்கொண்டே வரலாம். “இன்னும் எவ்வளவு நேரம்” என்று நினைப்பதைவிட “அடுத்தது கோட்டையூர்” என்று நினைப்பது மனத்துக்கு இலகுவாக இருக்கிறது.

உடல்நலக் கோளாறு இல்லாதபோது, பாதி வழியில் இறங்கிவிடுவதைக் கூடிய மட்டும் தவிர்க்கப் பாருங்கள். இறங்கியதும் நிம்மதி வரும். ஆனால் இறங்கியதால்தான் பிழைத்தோம் என்று மூளை கற்றுக்கொண்டுவிடும். இருக்கையிலேயே இருந்து, படபடப்பு தானே தணிவதை ஒரு முறை கண்ணால் பார்த்துவிட்டால், அது வேறொரு பாடத்தைக் கற்கிறது. ஒருவேளை இறங்கிவிட்டீர்கள் என்றால், நிலையத்திலேயே சற்று உட்கார்ந்து தணிந்த பிறகு அடுத்த வண்டியில் இரண்டு நிறுத்தமாவது போகப் பாருங்கள்.

போகாமலே இருந்துவிட்டால் நிம்மதிதானே?

அன்றைக்கு நிம்மதி. ஆனால் ஒவ்வொரு முறை தவிர்க்கும்போதும் பயத்தின் எல்லை ஊரை நோக்கி நெருங்கி வருகிறது. முதலில் சென்னை வேண்டாம் என்று தொடங்கியவர் பிறகு மதுரையை விட்டு, கடைசியில் புதிய பேருந்து நிலையம் வரை போவதற்கே துணை தேடியதை நான் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன்.

திரும்பி வரும் வழியும் அதே பாதைதான், தலைகீழாக நடக்க வேண்டும். அறிவுசார் நடத்தை சிகிச்சை என்ற முறையில் மனநல நிபுணர்கள் இதைப் படிப்படியாகச் செய்யவைக்கிறார்கள். காரைக்குடியில் இருப்பவருக்கு இந்தப் படிகள் நல்லபடியாக வாய்த்திருக்கின்றன. முதலில் துணையோடு டவுன் பஸ்ஸில் குன்றக்குடி வரை போய் முருகனைக் கும்பிட்டுவிட்டுத் திரும்பலாம். அது பழகியதும் அதே வழியில் பிள்ளையார்பட்டி. பிறகு துணையில்லாமல் அதே பயணம். அதற்கடுத்துத் தேவகோட்டை அல்லது புதுக்கோட்டை. அதன்பின் மதுரையோ திருச்சியோ. சதுர்த்தி நாளில் பிள்ளையார்பட்டியில் நிற்க இடமிருக்காது. தொடக்கத்துக்கு அந்த நாள் வேண்டாம், கூட்டமில்லாத ஒரு வார நாளைத் தேர்ந்தெடுங்கள்.

ஒரு படியில் பயம் சற்றே குறையும் வரை அதே படியில் நில்லுங்கள். முற்றிலும் போய்விட வேண்டும் என்று காத்திருக்க வேண்டாம். பயத்தோடு போய்த் திரும்புவதும் முழு வெற்றிதான். இடையில் ஒரு நாள் மோசமாகப் போய்விட்டால் முன்பு பழகியது அழிந்துவிடுவதில்லை. இரண்டு நாள் கழித்து ஒரு படி கீழே இறங்கி மறுபடி தொடங்கலாம்.

ரயிலா, பேருந்தா, காரா? எந்த இருக்கை நல்லது?

என் பரிந்துரை ரயில். எழுந்து நடக்கலாம், கழிவறை இருக்கிறது, வளைவுகளின் குலுக்கல் குறைவு. காரைக்குடியிலிருந்து விடியற்காலையில் சென்னைக்குப் புறப்படும் பல்லவன் எக்ஸ்பிரஸ் பகல் வண்டி. ஏறத்தாழ ஏழு மணி நேரத்தில் எழும்பூர் போய்விடும். இருட்டும் மூடிய பெட்டியும் பயமூட்டும் என்றால் பகல் வண்டி ஏற்றது. படுத்துவிட்டால் மனம் அடங்கும் என்பவர்களுக்கு, ராமேஸ்வரத்திலிருந்து இந்த வழியாகச் செல்லும் இரவு வண்டிகள் பொருந்தும். தற்போது 60 நாள்களுக்கு முன்பே முன்பதிவு தொடங்கிவிடுகிறது. காத்திருப்போர் பட்டியலில் பெயரை வைத்துக்கொண்டு கடைசி நாள் வரை தவிப்பது பதற்றமுள்ளவருக்குத் தேவையில்லாத வேதனை; ஆகவே தேதி முடிவானவுடன் பதிவு செய்துவிடுங்கள். 60 வயது நிறைந்த ஆண்களும் 45 வயது நிறைந்த பெண்களும் கீழ்ப்படுக்கை ஒதுக்கீட்டைக் கேட்கலாம். ஓடும் ரயிலில் மருத்துவ உதவி தேவைப்பட்டால் 139-ஐ அழைக்க வேண்டும்.

பேருந்தில் முன்பக்க இருக்கை நல்லது. கண் தொலைவிலுள்ள சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தால், உள்காது உணரும் அசைவும் கண் காணும் அசைவும் ஒத்துப்போவதால் குமட்டல் குறையும். பதற்றக்காரர்கள் பலர், குமட்டலையே பதற்றத்தின் தொடக்கம் என்று எண்ணிப் பயந்துவிடுகிறார்கள். பயணக் குமட்டலுக்கான மாத்திரைகள் தூக்கம் வரவைப்பவை; மருத்துவரிடம் கேட்டுப் புறப்படுவதற்கு முன்பே போட வேண்டும், வாந்தி வந்த பிறகு போட்டுப் பயனில்லை.

கார் என்றால், நீங்களே ஓட்டுவதற்குப் பயமாக இருக்கும் நாளில் ஆக்டிங் டிரைவரை வைத்துக்கொள்ளுங்கள். வேகம் உங்களைப் பதறவைக்கிறது என்றால், ஏறும்போதே மெதுவாகப் போகும்படி சொல்லிவிடுங்கள்.

புறப்படும் முன் வீட்டைப் பூட்டினேனா, கேஸை அணைத்தேனா என்ற நினைப்பு விடுவதில்லையே?

முகப்பு, வளவு (முற்றத்தைச் சுற்றிய கூடம்), இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு என்று ஒரு தெருவிலிருந்து அடுத்த தெரு வரை நீளும் வீடுகளில் இருப்பவர்களுக்கு இந்தக் கவலை நியாயமானதுதான். பூட்ட வேண்டிய கதவுகள் அத்தனை! ஆனால் திரும்பத் திரும்பச் சரிபார்க்கும்போது நம்பிக்கை கூடுவதில்லை, குறைந்துகொண்டே போகிறது. பின்கட்டிலிருந்து முகப்பை நோக்கி ஒரே ஒரு முறை நடந்து, ஒவ்வொரு கதவிலும் கையை வைத்து, “பின்கட்டு பூட்டியாயிற்று” என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு வாருங்கள். வாய்விட்டுச் சொன்னது நினைவில் நிற்கும். மாற்றுச் சாவி ஒன்று ஊரில் நம்பகமானவரிடம் இருக்கட்டும். வழியில் சந்தேகம் வந்தால் அவரிடம் ஒரு முறை கேட்கலாம். இரண்டாவது முறை கேட்கத் தோன்றும்போது, அது வீட்டைப் பற்றிய கவலை இல்லை, பதற்றத்தின் வேலை என்று அறிந்துகொண்டு அப்படியே விட்டுவிடுங்கள்.

முந்தைய நாளும் அன்று காலையும் என்ன சாப்பிடலாம்?

வெறும் வயிறும் ஆகாது, விருந்தும் ஆகாது. சர்க்கரை தாழ்ந்தால் கை நடுங்கும், அதையும் பயம் என்று எண்ணிக்கொள்வோம். இட்லியோ இடியாப்பமோ அளவாகப் போதும். காரமும் எண்ணெயும் நிறைந்த அசைவக் குழம்பைப் போய்ச் சேர்ந்த பிறகு நிதானமாகச் சாப்பிடலாம். காபியின் காஃபின் பாதியளவு குறைவதற்கே ஐந்து மணி நேரம் போல ஆகும். ஆகவே முந்தைய நாள் மாலைக்குப் பிறகு காபியைத் தவிர்த்தால் தூக்கம் கெடாது. அன்று காலை காபி இல்லாமல் தலை வலிக்கும் என்பவர்கள் வழக்கத்தில் பாதி குடிக்கலாம்.

வழியில் வயிற்றைக் கலக்கினால் என்ன செய்வது என்பதுதான் என் பயமே.

பலருக்கு இதுவே மூலபயம், வெளியே சொல்லக் கூச்சம். பயந்தால் குடல் வேகமாக இயங்குவது இயற்கை. எழுந்தவுடன் வெந்நீர் குடித்து, அவசரமில்லாமல் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் பெரும்பாலும் வீட்டிலேயே வேலை முடிந்துவிடும். பேருந்துப் பயணத்தைப் புதுக்கோட்டையிலோ திருப்பத்தூரிலோ மாறிச் செல்வதாக அமைத்துக்கொண்டால் நடுவில் இறங்க வாய்ப்புக் கிடைக்கும். மாற்று உடையும் ஈரத்தாளும் பையில் இருந்தால் மனம் ஆறுதலடையும். பெரும்பாலும் அவற்றுக்கு வேலை வராது. ஆனால் தண்ணீர் குடிக்காமல் இருந்துவிடாதீர்கள். இந்த வட்டாரத்து வெயிலில் அது தலைசுற்றலைக் கொண்டு வரும், தலைசுற்றல் பதற்றத்தைக் கொண்டு வரும்.

போய்ச் சேர்ந்த பிறகு, விசேஷ வீட்டுக் கூட்டத்தில் எப்படித் தாக்குப்பிடிப்பது?

கூட்டம் கூடுவதற்கு முன்பே போய்விடுவது நல்லது. நிறைந்த வளவுக்குள் எல்லோரும் திரும்பிப் பார்க்க நுழைவதைவிட, காலியான வளவில் உட்கார்ந்திருக்க அது மெல்ல நிறைவதைப் பார்ப்பது எளிது. தெரிந்த ஆச்சி ஒருவரிடம் “எனக்குக் கூட்டத்தில் மூச்சு முட்டும், நடுவில் எழுந்து போனால் தேட வேண்டாம்” என்று சொல்லிவையுங்கள். அப்படிச் சொன்ன பிறகு எழுந்து போக வேண்டிய தேவையே பெரும்பாலும் வராமல் போவதைக் கண்டிருக்கிறேன்.

படபடப்பு கிளம்பினால் முகப்புத் திண்ணைக்கோ பின்கட்டுக்கோ போய், செருப்பில்லாத காலை ஆத்தங்குடிக் கல்லின் மேல் பதித்து நில்லுங்கள். சூளையில் சுடாமல், கண்ணாடித் தட்டின் மேல் வண்ணத்தையும் சிமெண்டையும் வார்த்துக் கையால் செய்து, தண்ணீரில் ஊறவைத்துப் பதமாக்கும் கல் அது. சித்திரை வெயிலிலும் உள்ளங்காலுக்குக் குளிர்ச்சியாக இருக்கும். பாதத்தில் அந்தக் குளிர்ச்சி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கவனியுங்கள். ஒரு கல்லிலுள்ள பூவின் இதழ்களை எண்ணுங்கள். பக்கத்துக் கல்லில் அதே பூ எங்கே சற்றுக் கோணியிருக்கிறது என்று தேடுங்கள். கைவேலை என்பதால் எங்காவது கோணியிருக்கும். மூன்று நான்கு கற்களைப் பார்த்து முடிப்பதற்குள் மூச்சு ஒழுங்குக்கு வந்துவிடுவதைப் பலரும் சொல்லியிருக்கிறார்கள்.

பழனிக்குப் பாதயாத்திரை போகலாமா?

மருத்துவர் தடை சொல்லாவிட்டால் போகலாம். தைப்பூசத்துக்கு நகரத்தார் காவடிகள் குன்றக்குடியில் கூடிப் புறப்பட்டு, நடந்தே போய் நடந்தே திரும்புவது தலைமுறைகளாக நடந்து வருகிறது. பதற்றமுள்ளவருக்கு இதில் ஒரு பெரிய வசதி உண்டு: அடைபட்ட வண்டி இல்லை, எந்த இடத்திலும் நின்றுகொள்ளலாம், நடையே உடம்பிலுள்ள பரபரப்பைக் கரைத்துவிடும். சிரமம் தூக்கத்தில்தான் இருக்கிறது. பலரோடு திறந்த இடத்தில் படுக்க வேண்டியிருக்கும். அன்றாடம் போடும் மாத்திரையை வேண்டுதலின் பேரில் நிறுத்தவே கூடாது. முழு வழியும் முடியாது என்றால் முதல் நாள் மட்டும் நடந்துவிட்டுத் திரும்பலாம், அதுவும் நடைதான்.

ராமேஸ்வரம் போகையில் பாம்பன் பாலத்தை நினைத்தாலே கை நடுங்குகிறது.

1914-இல் திறக்கப்பட்ட பழைய ரயில் பாலத்தில் 2022 டிசம்பரிலேயே ரயில் போக்குவரத்து நிறுத்தப்பட்டுவிட்டது. இப்போது வண்டி செல்வது 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்ட புதிய பாலத்தில். அதன் நீளம் ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர். கப்பலுக்கு வழிவிட, நடுவில் 72.5 மீட்டர் நீளமுள்ள பகுதி செங்குத்தாக மேலே உயரும்படி கட்டியிருக்கிறார்கள். பயமுள்ளவர்கள் கதவருகில் நிற்காமல், உள்பக்க இருக்கையில் அமர்ந்து, கீழே தண்ணீரைப் பாராமல் தொலைவிலுள்ள தொடுவானத்தைப் பாருங்கள். கண்ணை இறுக மூடிக்கொள்வது பலருக்குப் பயத்தைக் கூட்டுகிறது.

திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கு விமானத்தில் போக வேண்டும், முதல் முறை.

நேரடி விமானம் இருப்பதால் நடுவில் மாறும் அலைச்சல் இல்லை. வானில் இருப்பது நான்கு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகத்தான். இறக்கைக்கு நேரான இருக்கைகளில் குலுக்கல் குறைவாகத் தெரியும். காற்றுக் கொந்தளிப்பு அச்சமூட்டுமே தவிர, விமானங்கள் அதைத் தாங்கும்படியே வடிவமைக்கப்படுகின்றன. இருக்கைப் பட்டையைப் போட்டிருந்தால் போதும். ஏறும்போதே பணிப்பெண்ணிடம் “எனக்கு விமானப் பயம் உண்டு” என்று சொல்லிவிடலாம், அவர்கள் வந்து பார்த்துக்கொள்வார்கள். மாத்திரைகளை அவற்றின் அட்டையோடும் மருத்துவர் சீட்டோடும் கைப்பையில் வையுங்கள். சிங்கப்பூர், ஐக்கிய அரபு அமீரகம் போன்ற நாடுகளில் பதற்றத்துக்கும் தூக்கத்துக்குமான சில மருந்துகளைக் கொண்டு செல்ல முன் அனுமதி தேவை. டிக்கெட் எடுத்தவுடனே இதைக் கேட்டறிந்துவிடுங்கள்.

பயணத்துக்கு மட்டும் ஒரு மாத்திரை போட்டுக்கொண்டால் போதாதா?

மருத்துவர் எழுதித் தந்தால் மட்டும். அல்பிரசோலம், குளோனசெபம் போன்றவை விரைவில் அமைதி தருபவை. ஆனால் பழக்கத்துக்கு அடிமையாக்கும், தூக்கக் கலக்கம் தரும், மதுவோடு சேர்ந்தால் மூச்சையே தளர்த்திவிடும். பக்கத்து வீட்டாருடைய மாத்திரையை வாங்கிப் போட்டுக்கொள்வது கூடவே கூடாது. படபடப்புக்குத் தரப்படும் புரோப்ரனலால் ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆகாது. நாள்தோறும் சாப்பிடும் செர்ட்ரலின், எசிட்டலோபிராம் வகை மருந்துகள் முழுப் பலன் தரச் சில வாரங்கள் ஆகும், தொடக்கத்தில் பரபரப்பைச் சற்றுக் கூட்டவும் செய்யலாம். ஆகவே பயணத்துக்கு முந்தைய வாரம் தொடங்குவதற்கானவை அல்ல. எந்த மருந்தையும் முதன்முதலாக வண்டியில் வைத்துப் போட்டுப் பார்க்காதீர்கள்.

உடன் போகிறவர் என்ன செய்ய வேண்டும்?

“பயப்படாதே” என்று சொல்லாமல் இருப்பது முதல் உதவி. பயப்படுகிறவருக்கு அது கட்டளையாகக் காதில் விழும். நிறைவேற்ற முடியாதபோது குற்ற உணர்வும் சேரும். “நான் பக்கத்தில்தான் இருக்கிறேன், கொஞ்ச நேரத்தில் இறங்கிவிடும்” என்று ஒரு முறை சொல்லிவிட்டு, நீங்கள் மெதுவாக மூச்சு விடுங்கள். அவர் மூச்சு அதைப் பின்தொடரும். அப்பத்தாவோ மாமியாரோ உடன் வருகிறார்கள் என்றால், கேலி வேண்டாம் என்பதைப் புறப்படும் முன்பே தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள். திரும்பி வந்த பிறகு “பார்த்தாயா, ஒன்றும் ஆகவில்லையே” என்று சொல்ல வேண்டாம். அவருக்கு நிறைய ஆயிற்று, அதையும் தாண்டித்தான் வந்திருக்கிறார்.

வெளியில் யாருக்கும் தெரியாமல் யாரிடம் உதவி கேட்பது?

14416 என்பது அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண். 2022 அக்டோபரில் தொடங்கப்பட்டது. இரவும் பகலும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம். தமிழக அரசின் 104 எண்ணிலும் ஆலோசனை கிடைக்கும். நேரில் பார்க்க விரும்பினால் சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம். உள்ளூரில் தெரிந்தவர் கண்ணில் படுமே என்று தயங்குகிறவர்கள் மதுரையிலோ திருச்சியிலோ மருத்துவரைப் பார்க்கலாம். அவ்வளவு தூரம் போக முடியாததுதானே நோயே என்றால், முதல் பேச்சைத் தொலைபேசியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக் கதவைத் திறக்காமலே சிகிச்சையைத் தொடங்கிவிடலாம்.